முந்நூறு ரூபாயும் இருபத்துநான்காம் பிரிவும்

டெல்லி லோதி ரோட்டில், சி.ஜி.ஓ. வளாகத்தின் அரசுக் கட்டடங்களுள் ஒன்று பண்டிட் தீன்தயாள் அந்த்யோதயா பவன். ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை அங்கிருந்து இயங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பொறுப்பான துறை அது. 2025-26 நிதியாண்டுக்கு அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 1,275 கோடி ரூபாய். உதவிக் கருவிகள், கல்வி உதவித்தொகைகள், தேசிய நிறுவனங்கள், அடையாள அட்டைத் திட்டம் ஆகியவை அத்தொகைக்குள் அடங்குகின்றன. ஆனால், நாட்டின் மிக வறிய மாற்றுத்திறனாளிக்கு ஒன்றிய அரசு மாதந்தோறும் தரும் ஓய்வூதியம் அந்தத் துறையின் கையில் இல்லை. ஊரக வளர்ச்சி அமைச்சகம் நடத்தும் தேசிய சமூக உதவித் திட்டத்தின் ஒரு கிளையாக அது இருக்கிறது. உரிமையைப் பேசும் சட்டம் ஓர் அமைச்சகத்திடமும், பணம் வழங்கும் திட்டம் மற்றோர் அமைச்சகத்திடமும் இருக்கின்றன.

இதை நிர்வாக வசதிக்கான பங்கீடு என்று கடந்துவிடலாம். நான் அவ்வாறு கருதவில்லை. மாற்றுத்திறனாளிக்குத் தரப்படும் பணம் எதற்காகத் தரப்படுகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கு நம் அரசுகள் இரண்டு வெவ்வேறு விடைகளை வைத்திருக்கின்றன. சட்டம் ஒரு விடையைச் சொல்கிறது. திட்டங்கள் வேறொரு விடையின்படி நடக்கின்றன. அந்த முரணையும் அதற்கான தீர்வையும் குறித்ததே இப்பதிவு.

முதலில் திட்டத்தைப் பார்ப்போம். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. அப்போது மாதத் தொகை 200 ரூபாய். 2012இல் அது 300 ரூபாயாக உயர்ந்தது; அதன்பின் உயரவே இல்லை. எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் 500 ரூபாய். இதைப் பெற மூன்று வாயில்களைக் கடந்தாக வேண்டும்: பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். உரிமைச் சட்டம் பெரும்பாலான பயன்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 40 விழுக்காடு. ஓய்வூதியத்துக்கு மட்டும் அது இரட்டிப்பாகிறது. பயனாளிகளின் எண்ணிக்கைக்கும் மாநிலவாரியாக உச்சவரம்பு உண்டு. விளைவாக, 2011 கணக்கெடுப்பின்படி 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் வாழும் நாட்டில் இந்த ஓய்வூதியம் பத்து இலட்சத்துக்கும் குறைவானவர்களையே எட்டுகிறது.

2012ஐ 100 எனக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீடு 2025இல் 190ஐத் தாண்டியிருந்தது. அவ்வாறெனில் இன்றைய 300 ரூபாய் 2012ஆம் ஆண்டின் விலைவாசியில் சற்றேறக்குறைய 155 ரூபாய்க்குத்தான் சமம். திட்டம் தொடங்கியபோது தரப்பட்ட 200 ரூபாயின் மதிப்பைக்கூட அது இழந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் பெயர்கள் மட்டும் தவறாமல் மேம்பட்டன. தமிழில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசு வழக்காக நிலைபெற்றது. 2015 டிசம்பரில் பிரதமர் தமது வானொலி உரையில் 'திவ்யாங்' என்ற சொல்லை முன்வைத்தார். மரியாதையான சொற்கள் தேவையற்றவை என்று நான் சொல்லவரவில்லை. சொல்லுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கேனும் தொகைக்கும் கிடைத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் போதுமான வாழ்க்கைத் தரத்துடன் வாழும் உரிமையைக் காக்க, அரசு தன் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் திட்டங்கள் வகுக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. அதோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறது: அத்தகைய திட்டங்களில் மாற்றுத்திறனாளிக்குத் தரும் தொகை, அதையொத்த திட்டத்தில் பிறருக்குத் தரும் தொகையைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும்.

தேசிய சமூக உதவித் திட்டத்திலேயே கைம்பெண்களுக்கான ஓய்வூதியமும் இருக்கிறது. அதன் தொகை 300 ரூபாய். மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் 300 ரூபாய். ஒரே திட்டத்தின் இரு கிளைகள், ஒரே தொகை. சட்டத்தின்படி இரண்டாவது தொகை 375 ரூபாயாக இருந்திருக்க வேண்டும். வேறுபாடு மாதம் 75 ரூபாய், ஆண்டுக்கு 900 ரூபாய். பயனாளிகள் பத்து இலட்சம் பேர் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் கூடுதல் செலவு ஆண்டுக்கு 90 கோடிதான். தேசிய சமூக உதவித் திட்டத்தின் மொத்த ஆண்டு ஒதுக்கீடு 2025-26இல் 9,652 கோடி. அதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான தொகையால் ஒன்றிய அரசு தன் சட்டத்தைத் தானே மதித்திருக்க முடியும்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலான முதியோருக்கு இதே திட்டத்தில் 200 ரூபாய்தான் தரப்படுகிறது. அதோடு ஒப்பிட்டால் 300 ரூபாய் என்பது 50 விழுக்காடு அதிகம். ஆகவே சட்டம் மீறப்படவில்லை என்று வாதிடலாம். எழுத்தளவில் இது வலுவற்ற வாதமன்று. ஆனால், ஒத்த திட்டங்கள் இரண்டு இருக்கும்போது அவற்றுள் குறைந்த தொகையைத் தேடிப்பிடித்து ஒப்பிடலாம் என்று சட்டம் சொல்லவில்லை. அதைவிட முக்கியமானது, இந்த வாதம் நம்மைக் கொண்டுசேர்க்கும் இடம். 200 ரூபாயின் மீது 25 விழுக்காடா, 300 ரூபாயின் மீது 25 விழுக்காடா என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டுமே ஒரு மனிதரின் உண்மையான செலவோடு தொடர்பற்ற எண்கள். அடித்தளமே இல்லாத சுவரின் மீது எத்தனை அங்குலம் ஏற்றிக் கட்டலாம் என்ற விவாதம் இது.

எனினும் அந்த 25 விழுக்காட்டுக்குள் ஒரு முக்கியமான ஒப்புதல் பொதிந்திருக்கிறது. ஒரே அளவு வறுமையில் வாழும் இருவரில் மாற்றுத்திறனாளிக்குக் கூடுதலாகத் தேவைப்படும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. இதைக் கோட்பாட்டளவில் மிகத் தெளிவாக விளக்கியவர் அமர்த்தியா சென். 2009இல் வெளியான தமது நீதி பற்றிய நூலில் அவர் இரண்டு இழப்புகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, குறைபாட்டால் வருமானம் ஈட்டுவதில் ஏற்படும் இழப்பு. மற்றொன்று, கையிலிருக்கும் வருமானத்தை வாழ்க்கையாக மாற்றுவதில் ஏற்படும் இழப்பு. வீப்கே குக்லிஸ் என்ற ஆய்வாளர் பிரிட்டன் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வை அவர் எடுத்துக்காட்டுகிறார். அங்கு வறுமைக்கோட்டுக்குக் கீழான குடும்பங்களில் வாழ்ந்தோர் 17.9 விழுக்காடு. மாற்றுத்திறனாளி ஒருவரேனும் உள்ள குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 23.1 விழுக்காடு. குறைபாட்டினால் எழும் கூடுதல் செலவையும் கணக்கில் சேர்த்தால் அதே குடும்பங்களில் வறியோர் 47.4 விழுக்காடாக உயர்கின்றனர். வருமானத்தை மட்டும் பார்க்கும் வறுமைக்கோட்டுக்குக் கண்ணில் படாத வறுமை, கண்ணில் படும் வறுமையைவிடப் பெரியதாக இருந்தது.

இந்த இரண்டாவது இழப்பை நம் ஊர்ச் சூழலில் விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. தாழ்தளப் பேருந்து வராத தடத்தில், சக்கர நாற்காலியில் செல்பவர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவருடைய குறைபாட்டின் விலையன்று. அந்தத் தடத்தின் விலை. தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு மாதந்தோறும் சிறுநீர்க் குழாய்களும் படுக்கைப்புண் மருந்துகளும் வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள மகனைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட தாயின் இழந்த கூலி எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. பார்வையற்ற மாணவர் தம் ஆய்வுக்கான பழைய அச்சு நூல்களை வாசித்துக்காட்ட ஒருவரை அமர்த்த வேண்டியிருக்கிறது. அதே நூலை உடன்பயிலும் மாணவர் நூலகத்தில் செலவின்றிப் படித்துவிடுகிறார். இவர்கள் அனைவரும் ஏழைகளாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் வருமான நிலையிலிருந்து சில படிகள் கீழே வாழ்கிறார்கள்.

இதை அரசு அறியாமலில்லை. மாற்றுத்திறனாளி ஆய்வாளர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை ஆண்டுக்கு 200 பேருக்கு வழங்கப்படுகிறது. அதில் வாசிப்பாளருக்கும் துணைக்கு வருபவருக்குமென ஒரு படி தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இதே உண்மையை வேறொரு வாயிலாக ஏற்றது வருமான வரிச் சட்டத்தின் 80யூ பிரிவு. மாற்றுத்திறனாளி வரி செலுத்துவோருக்கு 75,000 ரூபாயும், கடுமையான குறைபாடு இருப்பின் 1,25,000 ரூபாயும் கழிவாக அது அனுமதித்தது. மருத்துவச் சீட்டோ பயணச் சீட்டோ காட்டத் தேவையில்லை. மாற்றுத்திறனாளியாக வாழ்வதே செலவு என்பதை அப்பிரிவு அப்படியே ஏற்றது. 2023-24 முதல் இயல்பு முறையாக்கப்பட்ட புதிய வரிமுறையில் அந்தக் கழிவு கிடையாது. போக்குவரத்துப் படிக்கான விலக்கு மட்டும் எஞ்சியிருக்கிறது. புதிய முறையில் பலருக்கு வரியே இல்லையே என்று கேட்கலாம். வரி இல்லாத நிலை எல்லோருக்கும் பொதுவானது. மாற்றுத்திறனாளிக்கும் பிறருக்கும் இடையிலான செலவு வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட இடம்தான் அங்கே மறைந்துபோனது.

ஆக, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவரிடம் அரசு கருணையின் மொழியில் பேசுகிறது. அதற்கு மேலே இருப்பவரிடம் பெரும்பாலும் பேசுவதே இல்லை. கூடுதல் செலவு என்ற உண்மை இரு பக்கத்திலும் விடுபட்டுப்போகிறது. குடும்ப வருமானத்தை அளவுகோலாகக் கொள்வதால் மற்றொரு தீங்கும் விளைகிறது. முப்பது வயதான ஒரு பெண், தம் அண்ணனுக்கு வேலை இருக்கிறது என்பதற்காக ஓய்வூதியத்துக்குத் தகுதியற்றவராகிறார். அண்ணனின் சம்பளத்தில் அவருக்கு எந்த உரிமையும் இல்லை. அண்ணனின் தயவு மட்டுமே உண்டு. உரிமைச் சட்டம் அவரைச் சுதந்திரமான மனிதர் என்கிறது. ஓய்வூதியப் படிவம் அவரைக் குடும்பத்தின் சுமையாக எழுதிக்கொள்கிறது. அவரே சிறு வேலையொன்றில் சேர்ந்தாலும் நிலைமை மேம்படுவதில்லை. பயணச் செலவு கூடும், உதவித்தொகை நிற்கும். வேலைக்குப் போனதற்கான அபராதம் போல அது அமைந்துவிடுகிறது.

ஒன்றிய அரசின் வழக்கமான விடை, இது மாநிலங்களின் பொறுப்பு என்பது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் ஒன்பதாவது இனமாக மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலைசெய்ய இயலாதோருக்குமான நிவாரணம் இடம்பெற்றிருப்பது உண்மை. நிவாரணம் என்ற சொல்லே அந்தக் காலத்துப் பார்வையைக் காட்டுகிறது: வெள்ளம் வடியும்வரை தருவது போன்ற ஒன்று. ஆனால் அதே அரசமைப்பின் 41ஆம் உறுப்பு, உடற்குறைபாட்டின்போது பொது உதவி பெறும் உரிமைக்கு வகைசெய்யும் கடமையை அரசு என்ற முழுமையின் மீது வைக்கிறது. இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 28ஆம் உறுப்பு, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைபாடு சார்ந்த செலவுகளுக்கென அரசு உதவ வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அந்த உடன்படிக்கையை நிறைவேற்றும் பொருட்டுத்தான் நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது. சட்டம் இயற்றும்போது தேசியப் பொறுப்பாக இருந்தது, பணம் தரும்போது மட்டும் மாநிலப் பொறுப்பாகச் சுருங்குவது முறையன்று.

மாநிலங்களிடம் விட்டதன் விளைவும் கண்முன் இருக்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயானது. அதே ஆண்டு முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 1,200இன் மீது 25 விழுக்காடு சேர்த்தால் சரியாக 1,500. சட்டத்தின் எழுத்தை நிறைவுசெய்யும் கணக்கு அது; ஒன்றிய அரசு செய்யாததை மாநிலம் செய்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் முதியோருக்கு 4,000 ரூபாயும் மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000 ரூபாயும் தரப்படுகின்றன. திருத்தணியில் இருப்பவருக்கும் நகரியில் இருப்பவருக்கும் இடையே சில கல் தொலைவுதான். சக்கர நாற்காலியின் விலையும் மருந்தின் விலையும் இரு ஊரிலும் ஒன்றுதான். ஆந்திரத்துக்கு இணையான தொகையைக் கேட்டுத் தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளி அமைப்புகள் மீண்டும் மீண்டும் வீதிக்கு வருவதன் நியாயம் இங்கே இருக்கிறது. ஆனால், ஆந்திரத்தின் தொகையும் ஒரு தேர்தல் வாக்குறுதியின் விளைவே. செலவைக் கணக்கிட்டு வந்தடைந்த எண்ணன்று. தேர்தல் கொடுத்ததை அடுத்த நிதி நெருக்கடி உறையவைக்கலாம்.

நிதிச்சுமையும் மோசடியும் எதிர்வாதங்களாக எப்போதும் வரும். மோசடி பற்றிய அச்சம் 2024இல் குடிமைப் பணித் தேர்வு தொடர்பாக எழுந்த சான்றிதழ்ச் சர்ச்சைக்குப்பின் கூர்மையடைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டன. சான்றிதழும் அட்டையும் வழங்குவதற்கான காலவரம்பு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீண்டது. குறைபாட்டின் அளவுக்கேற்ப அட்டை வெள்ளை, மஞ்சள், நீலம் என மூன்று நிறமானது. 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் மாற்றுத்திறனாளிகளில் சான்றிதழ் வைத்திருந்தோர் 28.8 விழுக்காடு, அரசிடமிருந்து ஏதேனும் உதவி பெற்றோர் 21.8 விழுக்காடு. தகுதியற்ற ஒருவர் உள்ளே வந்துவிடுவதைவிட, தகுதியுள்ள பலர் வெளியே நிற்பதே நம் உண்மையான நிலை. கொள்கை வகுப்போரின் கவலை மட்டும் எதிர்த்திசையில் இருக்கிறது. அண்டை நாடான நேபாளத்திலும் அட்டைகளுக்கு நிறம் உண்டு. அங்கே முழுமையான குறைபாட்டைக் குறிக்கும் சிவப்பு அட்டை வைத்திருப்பவருக்கு வறுமைச் சான்று கேட்காமல் மாதப்படி கிடைக்கிறது. நாம் நிறத்தை மட்டும் கொண்டுவந்தோம்.

நிதியைப் பொறுத்தவரை, பொருளாதார ஆற்றலின் எல்லை என்ற சொற்றொடர் அரசமைப்பின் 41ஆம் உறுப்பிலும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவிலும் ஒருசேர இருக்கிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி நேர்மையாக விவாதிக்கலாம். ஆனால் ஓர் ஆண்டுக்கு 90 கோடியைக்கூட ஒதுக்க இயலாத இடத்தில் அந்த எல்லை இருக்கிறது என்று யாரும் நம்பப்போவதில்லை. தேசிய சமூக உதவித் திட்டத்தின் தொகைகளை உயர்த்துமாறு நாடாளுமன்ற நிலைக்குழுவே பலமுறை பரிந்துரைத்துவிட்டது.

என் தரப்பைச் சுருக்கமாக வைக்கிறேன். வறுமைக்கான உதவியையும் குறைபாட்டின் செலவுக்கான ஈட்டையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலாவது வருமானத்தைப் பார்க்கட்டும். அதில் 24ஆம் பிரிவின் 25 விழுக்காடு உடனடியாக நடைமுறைக்கு வரட்டும். இரண்டாவது வருமானத்தையோ வேலையையோ பார்க்கக் கூடாது. பிரிட்டனில் 2013 முதல் உழைக்கும் வயதினருக்குத் தரப்படும் தனிநபர் சுதந்திரப் படி இவ்வாறுதான் இயங்குகிறது. வேலையில் இருப்பவரும் அதைப் பெறலாம். அதன் மதிப்பீட்டு முறை மீது அங்கே கடும் விமர்சனங்கள் உண்டு. அந்த முறையை நாம் கடன்வாங்கத் தேவையில்லை. தத்துவத்தை எடுத்துக்கொண்டால் போதும். இரண்டு தொகைகளும் விலைவாசிக் குறியீட்டோடு பிணைக்கப்பட வேண்டும். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படும் நாட்டில், ஓர் ஓய்வூதியம் 2012இல் உறைந்து கிடப்பதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் இல்லை. இறுதியாக, ஓய்வூதியமும் சட்டமும் ஒரே துறையின் கீழ் வர வேண்டும். அப்போதுதான் 24ஆம் பிரிவு ஏன் நிறைவேறவில்லை என்ற கேள்விக்கு லோதி ரோட்டில் ஒருவர் விடை சொல்லியாக வேண்டியிருக்கும்.

கல்விப்புலத்தில் இருக்கும் நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் குறித்த ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களில் குறைவில்லை. அவற்றில் பெரும்பாலானவை திட்டங்களின் விழிப்புணர்வு அளவையும் பயனாளிகளின் மனநிறைவையும் அளக்கின்றன. ஒரு மாவட்டத்தில், ஒரு குறிப்பிட்ட குறைபாட்டோடு வாழ ஒரு மாதத்துக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்பதைப் பொறுமையாக வீடுவீடாகக் கணக்கெடுக்கும் ஆய்வுகள் நமக்கு வேண்டும். பொருளியல், சமூகப்பணி, சமூகவியல் துறைகளில் முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய கணக்கு கையில் இருந்தால், எத்தனை விழுக்காடு கூட்டலாம் என்று அரசிடம் இரந்து நிற்க வேண்டியதில்லை. இவ்வளவு செலவாகிறது, இதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்கலாம்.